வினா எதிர் வினாதல்: மகாசுவேதா தேவியின் ‘ஏன்-ஏன்’ சிறுமி

பெரியோர்க்கென நாவல்கள் எழுதிப் பெரும்புகழ் எய்திய ஒருவர் சிறுவர்க்கென ஒரு படநூல் எழுதினால், திறனாய்வாளர் அதனைப் பொருட்படுத்துவது அரிது. ஆசிரியரின் நூற்பட்டியலில் ‘பிற’ என்னும் கடைசித் தலைப்பின்கீழ் அஃது ஒதுங்கிக் கிடக்கும். ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீன் 1946-இல் எழுதிய ‘தி லிட்டில் டிரெயின்’ என்னும் படநூலின் முதற்பதிப்பில் எழுதியவர் பெயரே இல்லை. படம் வரைந்த டாரதி கிரேகியின் பெயர் மட்டுமே இருந்தது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1936-இல் தம் பேரனுக்குக் கடிதமாக எழுதிய பூனைக்கதை, அவர் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேலான பின்னரே, 1964-இல், படநூலாக வெளிவந்தது. தமிழிலும் ‘கோபல்ல கிராமம்’ தந்த கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ என்னும் சிறுவர் குறுநாவலைப் பற்றி எத்தனை கட்டுரைகள் எழுந்தன? பெரிய படைப்பாளி சிறிது நேரம் இளைப்பாறினார் என்று எண்ணிக் கடந்து போவதே இலக்கிய உலகின் வழக்கம்.

அவ்வாறு கடந்து போகலாகாத நூல் ஒன்று உண்டு. வங்க நாவலாசிரியை மகாசுவேதா தேவி எழுதி, கன்யிகா கினி படம் வரைந்து, சென்னைத் தூலிகா பதிப்பகம் 2003-இல் வெளியிட்ட ‘தி ஒய்-ஒய் கேர்ள்’ என்பதே அந்நூல். ‘ஏன்-ஏன்’ சிறுமி என்று அதனைத் தமிழில் வழங்கலாம். சில பக்கங்களே கொண்ட சிறு நூல். ஒரு பாடவேளையில் படித்து முடித்துவிடலாம். ஆயினும் பள்ளிக்கூடம் என்னும் அமைப்பை நோக்கி இச்சிறு நூல் எழுப்பும் வினா எளிதில் விடுபடக்கூடியதன்று.

நூலாசிரியரைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். 1926-இல் டாக்காவில் பிறந்தவர் மகாசுவேதா. தந்தை மனீஷ் கட்டக் கவிஞர். சிற்றப்பா ரித்விக் கட்டக் திரைப்பட இயக்குநர். நக்சல்பாரி எழுச்சிக் காலத்தில் மகனைப் பறிகொடுத்த தாயின் கதையான ‘ஹஜார் சுராஷிர் மா’ 1974-இலும், பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் வரலாற்றைக் கூறும் ‘அரண்யேர் அதிகார்’ 1977-இலும் வெளிவந்தன. பின்னதற்கு 1979-இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. 1996-இல் ஞானபீடமும் 1997-இல் மகசேசே விருதும் பெற்றார். 2016-இல் கொல்கத்தாவில் மறைந்தார். இவற்றினும் முதன்மையானது அவருடைய களப்பணி. மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்துக் கேரியா சபரர் நடுவே அவர் பல்லாண்டு பணியாற்றினார். அம்மக்களின் நலச் சங்கத்தோடு தம்மைப் பிணைத்துக்கொண்டார். இச்சிறு நூலின் கதை நிகழும் களமும் அச்சங்கத்தின் குடிலே.

கதையை விரித்துரைக்கத் தேவையில்லை. மொய்னா என்பவள் சபரர் குலத்துச் சிறுமி. தாய் கீரிக்குக் கால் ஊனம். தந்தை வேலை தேடி ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அண்ணன் கோரோ காட்டில் விறகு பொறுக்குகிறான். ஆகவே நிலக்கிழார்களின் ஆடுகளை மேய்ப்பது மொய்னாவின் பங்காயிற்று. கதை தொடங்கும்போதே அவள் ஒரு நாகப்பாம்பைப் பிடிக்க ஓடுகிறாள். கதைசொல்லியாகிய முதியவள் தடுத்தால், ஏன் பிடிக்கக்கூடாது என்று கேட்கிறாள். அன்றுமுதல் அவள் வாயிலிருந்து ‘ஏன்’ என்னும் சொல் ஓய்வதில்லை. அஞ்சல் நிலையத்தார் அவளுக்கு இட்ட பட்டப்பெயரே நூலின் பெயராயிற்று. ஒருநாள், சங்கக் குடிலில் தங்கியிருக்கும் முதியவளோடு தானும் தங்கப் போவதாக அறிவித்து, ஒரு மாற்றுடையோடும் ஒரு கீரிப்பிள்ளைக் குட்டியோடும் வந்து சேர்கிறாள். ஒரு கிழவிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அவளுடைய கணக்கு! அங்கே புத்தகத்தைக் காண்கிறாள். படிக்க விழைகிறாள். ஈராண்டுக் கதையும் அதன் பின்னுரையுமாக நூல் முடிகிறது.

மொய்னா என்னும் பெயரில் ஒரு நயம் உண்டு. வங்க மொழியில் அச்சொல் மைனாவைக் குறிக்கும். நாகணவாய்ப்புள் என்று பழந்தமிழ் நூல்கள் போற்றியதும், கிள்ளானிலும் தெலுக் பங்லிமா காராங்கிலும் மின்கம்பிகளில் மாலைதோறும் நிரம்பி இரைவதும் அவ்வினத்துப் பறவைகளே. மைனாவுக்குப் பேசக் கற்பிக்கலாம் என்பர். சொன்னதைத் திருப்பிச் சொல்லும். சொன்னதைத் திருப்பிச் சொல்ல மறுக்கும் சிறுமிக்கு அப்பெயர் வாய்த்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் வகுப்பறையை நன்கறிந்தவர்க்கு அது சிரிப்பூட்டாமல் இராது.

இனி, வினாக்களைக் காண்போம். தமிழாசிரியர் கையில் இந்நூலை அளப்பதற்கேற்ற நல்ல கோல் ஒன்று முன்னரே உண்டு. நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகையாகப் பகுத்தார். பள்ளிப் பாடநூலில் பாட இறுதிதோறும் நிற்பவை அறிவினாக்கள்: விடையறிந்தவர் அறியாதவரைச் சோதிக்கக் கேட்பவை. வகுப்பறையில் ஒரு நாளில் எழும் வினாக்களுள் பெரும்பாலன அவ்வகையினவே. கேட்பவர் ஆசிரியர், விடையிறுப்பவர் மாணவர். மாணவர் கேட்க வேண்டியது அறியாவினா. அது எழும் வகுப்புகள் சிலவே என்பதை ஆசிரியர்கள் தம்முள் ஒப்புக்கொள்வர். ‘உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள்’ என்று இப்போது சிறப்பித்துப் பேசப்படுவனவும் ஆசிரியர் தொடுப்பனவே. மாணவர் தொடுப்பன அல்ல.

மொய்னா கேட்பவற்றுள் சில தூய அறியாவினாக்கள். மீன்கள் ஏன் பேசுவதில்லை, விண்மீன்கள் ஏன் அத்துணைச் சிறியனவாகத் தோன்றுகின்றன, முதியவள் உறங்குமுன் ஏன் புத்தகம் படிக்கிறாள் என்பன போல்வன. இவற்றுக்கு விடை உண்டு. விடை பெற்றதும் அவள் அதனைத் தன்னோடு ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு உடனே சொல்லிவிடுகிறாள். கற்றதைப் பூட்டி வைக்கத் தெரியாத பிள்ளை.

ஆனால் வேறு சில வினாக்கள் நன்னூலார் கூறிய ஆறனுள் எதனுள்ளும் அடங்க மறுக்கின்றன. எசமான் அனுப்பிய அரிசிக்கு நன்றி சொல்ல மறவாதே என்று தாய் கூறும்போது, தான் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்கிறாள் மொய்னா. மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுவதும் ஆயிரம் ஏவல் செய்வதும் தான். அவர் ஒரு நாளேனும் தனக்கு நன்றி கூறியதுண்டா என்பது அவள் வழக்கு. எசமான் வீட்டு எச்சிற்சோற்றைத் தான் ஏன் உண்ண வேண்டும்? தண்ணீர்க்கு ஏன் ஆற்றுக்கு அவ்வளவு தொலைவு நடக்க வேண்டும்? ஏன் இலைக் குடிசையில் வாழ வேண்டும்? இருவேளை ஏன் சோறு உண்ண முடிவதில்லை? இவள் விடை அறியாமல் கேட்கிறாள் என்று எவரும் கூறார். சோதிக்கவும் கேட்கவில்லை, ஐயமும் இல்லை.

இவற்றின் இலக்கணத்தை வினாவின் பகுதியில் தேடாமல் விடையின் பகுதியில் தேடினால் கிடைக்கும். நன்னூலார் விடையை எட்டாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று ‘வினா எதிர் வினாதல்’. கேட்டவர்க்கு மறுவினாவையே விடையாகத் தருதல் அது. மொய்னாவின் ‘ஏன்’ பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தது. உலகம் அவளை நோக்கி வாய்விட்டுக் கேளாத வினா ஒன்று இருக்கிறது: நீ பணிந்து நடப்பாயா? அதற்கு அவள் அளிக்கும் விடையே அந்த ‘ஏன்’. சபரர் ஏழைகள், நிலமற்றோர். ஆயினும் அவர்கள் எவரும் குறை கூறுவதில்லை, மொய்னா ஒருத்தியே கேட்கிறாள் என்று நூலாசிரியர் வெளிப்படையாகவே உணர்த்துகிறார். பெரியோர்க்கான நாவல்களில் வில்லும் அம்பும் ஏந்திய பழங்குடியினர் செய்த கலகத்தை, இங்கு ஒரு சிறுமி ஒரே சொல்லால் செய்துவிடுகிறாள். நாவலாசிரியை சிறுவர்க்காகத் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டார் என்பதற்கு இடமே இல்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஆசிரியர்கள் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று இவ்விடத்து எழுகின்றது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். படர்க்கை ஆண்பாலுக்கும் ஒரே சொல். உயர்வு தாழ்வு அதனுள் மறைந்துவிடும். தமிழில் மறைக்க இயலாது. எசமான் தனக்கு நன்றி கூறியதுண்டா என்பதை வகுப்பில் சொல்லும் ஆசிரியர், ‘சொன்னாரா’ என்பதா ‘சொன்னானா’ என்பதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். ‘சொன்னானா’ என்றால் கேட்கும் பிள்ளைகள் சிரிப்பர்; மொய்னா வாய்த்துடுக்கு மிக்கவளாகிச் சிறுத்துவிடுவாள். ‘சொன்னாரா’ என்பதே தக்கது. மரியாதை விகுதியைக் கொடுத்துவிட்டு நன்றியை மறுக்கிறாளே, அங்குதான் அவள் நிமிர்வு புலப்படுகிறது. முதியவளையும் அவள் ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும். பாட்டி என்று முறை வைத்தாலும் பிழையில்லை. ஒரு விகுதியில் ஒரு பாத்திரத்தின் உயர்வும் வீழ்ச்சியும் அடங்கியிருப்பதை மாணவர்க்குக் காட்ட இதனினும் நல்ல பயிற்சி கிடைப்பது அரிது.

படநூல் என்னும் வடிவத்தை ஆசிரியர் பயன்படுத்தியுள்ள திறமும் குறிப்பிடத்தக்கது. வருணனை என்பது ஏறத்தாழ இல்லை. நாவலில் காட்டுக்கும் வறட்சிக்கும் பல பக்கங்கள் ஒதுக்கும் கை, இங்கு அப்பணியை ஓவியரிடம் விட்டுவிட்டு உரையாடலை மட்டும் வைத்துக்கொள்கிறது. சொல்லப்படாதவை பல. சபரர் 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பிறவிக் குற்றவாளிகளாக முத்திரையிடப்பட்டோர் என்பது நூலில் இல்லை. இந்திய அரசு 1952-இல் அம்முத்திரையை நீக்கிய பின்னும் ஊராரும் காவலரும் அதை மறக்கவில்லை. 1998-இல் புதன் சபர் என்பவர் காவலில் இறந்தபோது அந்த வழக்கை நீதிமன்றம்வரை கொண்டு சென்ற சங்கத்தோடு மகாசுவேதா துணைநின்றார். அதே சட்டம் தமிழ் மண்ணில் கள்ளர் முதலியோர்மேல் பாய்ந்ததும், அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரலில் சுடப்பட்டதும் தமிழ் மாணவர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. இவற்றுள் ஒன்றேனும் நூலில் இடம்பெற்றிருக்க வேண்டாவோ என்று கேட்போர் உளர். இடம்பெறாததே நன்று. முத்திரையைக் குறிப்பிட்டிருந்தால் மொய்னா இரங்கத்தக்க குலத்துப் பிள்ளையாகியிருப்பாள். இப்போதோ அவள் ஏன் என்று கேட்கும் பிள்ளை. (இராமனுக்குக் கனி தந்த சவரியின் பெயரும் இக்குலப்பெயரோடு உறவுடையது. காத்திருந்து உபசரித்த அம்மூதாட்டிக்கும் காத்திருக்கவே அறியாத இச்சிறுமிக்கும் எத்துணைத் தொலைவு!)

நூலின் சிகரம் பள்ளிக்கூடக் காட்சி. ஓராண்டு கழித்து முதியவள் மீண்டும் வரும்போது, கத்தும் ஆட்டுக்குட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு மொய்னா, சங்கப் பள்ளி ஆசிரியை மாலதியோடு வழக்காடிக்கொண்டிருக்கிறாள். பள்ளி காலை ஒன்பது முதல் பதினொன்று வரை. மொய்னா ஆடு மேய்த்து முடித்து வருவதோ பதினொன்றுக்குப் பின். பள்ளி நேரத்தை ஏன் மாற்றக்கூடாது என்பது அவள் வினா. நேரத்தை மாற்றாவிடில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளை எதுவும் படிக்க இயலாது என்பது அவள் வாதம்.

மலாயாத் தோட்டப்புறப் பள்ளிகளின் வரலாறு அறிந்தவர் இவ்விடத்தில் நூலைச் சற்று மூடி வைப்பர். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பள்ளி வந்தது, ஆனால் பிள்ளையின் காலைப்பொழுது யாருக்கு உரியது என்பது தீரவில்லை. விடியுமுன் பெற்றோர் பிரட்டுக்குச் செல்ல, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், மரத்தடியில் கோப்பை துடைத்துக் கொடுக்கவும், ஆடு மாடுகளை அவிழ்த்து விடவும் பிள்ளையின் கை தேவைப்பட்டது. வராத பிள்ளையின் பெயருக்கெதிரே வருகைப் பதிவேட்டில் ஒரு குறி இடப்பட்டது. ஏன் வரவில்லை என்று அப்பிள்ளையிடம் கேட்கப்பட்டது. பள்ளி ஏன் இந்நேரத்தில் என்று அப்பிள்ளை திருப்பிக் கேட்டதாகப் பதிவேட்டில் இடமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்து, தெலுக் பங்லிமா காராங்கைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்துவிட்ட இக்காலத்தில், அந்தக் காலைப்பொழுது வேறு உருவில் தொடர்கிறது: இரவுவேலை முடித்துத் திரும்பும் தாய், பேருந்தைத் தவறவிட்ட பிள்ளை. பாலத்துக்கு அப்பால் கேரித் தீவில், செம்பனைக் காட்டை ஒட்டி வாழும் மா மெரி பழங்குடிப் பிள்ளைகளைச் சேர்த்து எண்ணினால் மொய்னாவின் ஊர் அவ்வளவு தொலைவில் இல்லை.

இனி நூலின் குறையைக் கூறாமல் விடுவது திறனாய்வாகாது. மாலதி பள்ளி நேரத்தை மாற்றினாளா? எவ்வாறு மாற்றினாள்? நூல் இதனை விரிக்கவில்லை. கிராமத் தொடக்கப்பள்ளியில் சேர்க்கப்பட்ட முதற்சிறுமி மொய்னாவே என்று கூறி, அடுத்து அவளுக்குப் பதினெட்டு வயது, சங்கப் பள்ளியில் அவளே ஆசிரியை என்று தாவிவிடுகிறது. ஆசிரியராய் உள்ள வாசகர் அறிய விழைவது தாவிக் கடந்த அந்த இடைவெளியைத்தான். ஆடுகளை யார் மேய்த்தார்கள்? நிலக்கிழார் என்ன சொன்னார்? சிறுவர் நூலுக்கு விரைவு வேண்டும் என்பது உண்மையே. எனினும் கதையின் முடிச்சு இருந்த இடம் அது.

இதனினும் ஆழ்ந்த குறை ஒன்று, அல்லது குறைபோல் தோன்றுவது ஒன்று, உண்டு. மொய்னாவின் ஏன்களுக்கு விடை புத்தகங்களில் இருக்கிறது என்று முதியவள் கூறுகிறாள். அதைக் கேட்டே அவள் எழுத்தறிய முனைகிறாள். விண்மீன் வினாவுக்குப் புத்தகத்தில் விடை கிடைத்தது. மீன் வினாவுக்கும் கிடைத்தது. இலைக் குடிசைக்கும், ஆற்றுக்கு நடக்கும் தொலைவுக்கும், இருவேளைச் சோற்றுக்கும் எந்தப் புத்தகத்தில் விடை கிடைத்தது? நூலின் இறுதியில் ஆசிரியையாகிவிட்ட மொய்னா தன் மாணவரைச் சோம்பாமல் கேள்வி கேட்குமாறு ஏவுகிறாள். அவள் எடுத்துக்காட்டும் கேள்விகள் கொசுவை ஏன் ஒழிக்க வேண்டும், துருவ விண்மீன் ஏன் எப்போதும் வடக்கில் நிற்கிறது என்பன. நல்ல கேள்விகளே. ஆனால் நன்றியைப் பற்றிய பழைய கேள்வி எங்கே? பள்ளிக்கு வெளியே ஆட்டோடு நின்றவள் கேட்டதைப் பள்ளிக்கு உள்ளே நிற்பவள் கேட்கவில்லை.

நூலாசிரியர் இதனை அறியாமல் செய்தார் என்று கொள்வதற்கில்லை. நிலக்கிழாரையும் காவலரையும் வாழ்நாளெல்லாம் எதிர்த்து எழுதியவர் அவர். பள்ளிக்கூடம் ஏற்றுக்கொள்ளும் வினாக்களும் ஏற்றுக்கொள்ளாத வினாக்களும் உண்டு என்பதை, ஒரு சொல்லும் கூட்டாமல், வினாக்களின் பட்டியலை மாற்றியே காட்டியிருக்கிறார் என்று கொள்ளுதல் பொருந்தும். அன்றி, அரசுப் பள்ளிகளிலும் நுழைய வேண்டிய நூல் என்பதால் அடங்கிப் போனார் என்று வாதிடுவோரும் இருக்கலாம். நூலின் முற்பகுதியில் எவ்வித அடக்கமும் காணப்படாமையால் அவ்வாதம் வலுவிழக்கிறது.

வெளியிலிருந்து வந்த படித்த பெண் ஒருத்தி பழங்குடிச் சிறுமிக்கு ஒளி காட்டினாள் என்னும் பழைய புரவலர்க் கதையாக இது தாழ்ந்துவிடும் ஆபத்தும் இருந்தது. கதைசொல்லி அந்த ஆபத்தை எள்ளலால் கடந்து விடுகிறார். முதியவளை யாரும் போற்றுவதில்லை. மொய்னாவின் கணக்கில் அவள் பெரிய குடிலொன்றில் வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கிழவி. பாம்புக்கறி வைத்துக் கொடுத்தால் உண்ண வேண்டியவள். அறையைத் துப்புரவாக்குவதும் கீரிக்குட்டிக்கு மீன் கொடுப்பதும் மொய்னா. இருவருள் யார் யாருக்கு விருந்தினர் என்பதே ஐயமாகிவிடுகிறது. இந்நூலின் விளையாட்டுத்தன்மை படிப்போரைச் சிரிக்கவைப்பதோடு நிற்பதன்று. கொடுப்பவர் கொள்பவர் என்னும் நிலைகளை இடம் மாற்றுவதே அதன் வேலை.

தமிழ்ப்பள்ளி நூலகங்களின் பலகைகளைப் பயிற்றி நூல்கள் இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்னும் அவை குறைந்தபாடில்லை. அவற்றினிடையே இத்தகைய படநூல் ஒன்றை வைப்பதற்கு அதிகச் செலவு பிடிக்காது. தூலிகா பதிப்பகம் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் நூல்களை வெளியிட்டு வருகிறது. இதனை வகுப்பில் படிக்கும் ஆசிரியர் ஒன்றற்கு மட்டும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். படித்து முடித்ததும் ஏதேனும் ஒரு பிள்ளை எழுந்து, இதை ஏன் படித்தோம் என்று கேட்கக்கூடும்.

மொய்னாவும் அதையே கேட்பாள். தன்னைப் பற்றி இப்படியொரு கதை எழுதப்படுவதை அவள் அறியாள் என்றும், அறிந்தால் தன்னைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பாள் என்றும் கூறி மகாசுவேதா எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறார். அவ்வினாவுக்கு அவர் விடை எழுதவில்லை.